தெரிந்துதான் ஏறினான்

பால் தாமஸ் ஆண்டர்சனின் ‘தேர் வில் பி பிளட்’ 2007-இல் வந்தது. முதல்முறை பார்த்தபோது நான் டேனியல் டே-லூயிஸை மட்டும்தான் பார்த்தேன். பெரும்பாலோர் அப்படித்தான் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அந்த நடிப்பு வேறு எதையும் பார்க்க விடாது. படத்தின் தொடக்கத்தில் ஏறக்குறைய கால் மணி நேரம் வசனமே கிடையாது. ஒரு மனிதன் குழிக்குள் தனியாக வெள்ளிக்குக் கொத்துகிறான், விழுகிறான், கால் உடைகிறது. சில ஆண்டுகள் கழித்து அவன் எண்ணெய் தோண்டுகிறான், கூட நாலைந்து ஆட்கள். மேலிருந்து கட்டுமானத்தின் ஒரு பகுதி பெயர்ந்து விழுந்து குழிக்குள் நின்ற ஒருவன் சாகிறான். செத்தவனுக்கு ஒரு கைக்குழந்தை. முதலாளி அந்தக் குழந்தையை எடுத்துக்கொள்கிறான். அதன்பிறகு கதை முதலாளிக்கும் அந்தப் பிள்ளைக்கும் இடையில் நடக்கிறது.

சில வருடங்கள் கழித்து மறுபடி பார்த்தபோது ஒரு சின்ன விஷயம் உறுத்தியது. செத்தது யாரு? அவன் எந்த ஊர்க்காரன், நாளுக்கு என்ன கூலி, எவ்வளவு நேர வேலை, எதற்காக அந்தக் குழியில் இறங்கினான்? படத்துக்கு அவனிடமிருந்து வேண்டியது ஒரு சாவும் ஒரு குழந்தையும்தான். கிடைத்ததும் அவனை விட்டுவிடுகிறது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு படம் எல்லாருடைய கதையையும் சொல்ல முடியாது. ஆனால் இந்த உறுத்தல் என்னை வேறு சில புத்தகங்களுக்குக் கொண்டுபோனது. முதலில் படத்தின் மூலமான அப்டன் சின்கிளேரின் ‘ஆயில்!’ நாவல். பிறகு அந்தத் தொழிலாளர்களே சொன்ன கதைகள். அமெரிக்க எண்ணெய்வயலின் ஆரம்பகாலத் தொழிலாளியை இந்த மூன்றும் மூன்று விதமாகக் காட்டுகின்றன. தொழிலாளர்களே பேசும் இடத்தில் உண்மை முழுசாகக் கிடைத்துவிடும் என்று நம்பித்தான் போனேன். அங்கே கிடைத்தது வேறு. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

*

முதலில் வேலை என்னவென்று கொஞ்சம் பார்த்துவிடலாம். அது தெரியாமல் இந்தப் படைப்புகள் எதை எடுத்துக்கொண்டன, எதை விட்டன என்று சொல்ல முடியாது.

1859 ஆகஸ்ட் 27 அன்று பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் எட்வின் டிரேக்கின் கிணற்றில் எண்ணெய் கிடைத்தது. ஆழம் வெறும் 69 அடி சொச்சம். வரலாற்றில் டிரேக்கின் பெயர் நிற்கிறது. உண்மையில் துளைத்தவர் ‘அங்கிள் பில்லி’ என்று அழைக்கப்பட்ட வில்லியம் ஸ்மித் என்ற கொல்லர். உப்புநீர்க் கிணறு தோண்டும் தொழிலில் இருந்து வந்தவர். அமெரிக்க எண்ணெய்த் தொழிலின் முதல் தொழிலாளி ஒரு கொல்லர் என்பது தற்செயல் இல்லை. அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு அது கொல்லன் வேலையாகத்தான் இருந்தது.

கயிறு கட்டித் துளைக்கும் முறை அது. கயிற்றின் நுனியில் பெரிய இரும்பு உளி. நீராவி எந்திரத்தால் ஒரு மரத்துலாம் மேலும் கீழும் ஆடும். உளி தூக்கப்பட்டு விழும், தூக்கப்பட்டு விழும். பாறை நொறுங்கும். அவ்வப்போது உளியை வெளியே எடுத்துவிட்டு, நொறுங்கிய கல்லையும் சேற்றையும் நீள வாளியால் அள்ள வேண்டும். துளைப்பவர் கயிற்றின் மேல் கை வைத்தபடி நிற்பார். நூற்றுக்கணக்கான அடிக்குக் கீழே உளி எப்படி விழுகிறது, எந்த மாதிரிப் பாறையில் விழுகிறது என்பதைக் கயிற்றின் அதிர்விலிருந்து கைதான் சொல்லும். நாடி பார்ப்பது மாதிரி.

அவருக்கு உதவியாக ஒருவர் உண்டு. உளி தீட்டுபவர். ‘டூலி’ என்று செல்லமாகச் சொல்வார்கள். கொதிகலனுக்குத் தீ போடுவது, மழுங்கிய உளியை உலையில் பழுக்கக் காய்ச்சி ரெண்டு பேருமாகச் சம்மட்டியால் அடித்துப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது, டெரிக்கின் உச்சிக்கு ஏறிக் கப்பிகளுக்கு மசகு போடுவது எல்லாம் அவர் தலையில். இருவருக்கும் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். நள்ளிரவிலிருந்து நண்பகல், நண்பகலிலிருந்து நள்ளிரவு. ஷிப்டை ‘டூர்’ என்று எழுதினார்கள், ஆனால் எண்ணெய்வயல் முழுக்க அதை ‘டவர்’ என்றுதான் உச்சரித்தார்கள். இந்த உச்சரிப்பை வைத்தே ஒருவன் வயலைச் சேர்ந்தவனா, வெளியாளா என்று கண்டுபிடித்துவிடலாமாம்.

1901 ஜனவரி 10 அன்று டெக்சாஸின் பியூமான்ட் ஊருக்குப் பக்கத்தில் ஸ்பிண்டில்டாப் பொங்கியது. துளைத்துக்கொண்டிருந்தவர்கள் ஹாமில் சகோதரர்கள். குழாய்கள் டெரிக்கின் உச்சியைப் பிய்த்துக்கொண்டு மேலே பறந்தபோது கர்ட் ஹாமில் மேலே நின்றிருந்தார். உயிரோடு இறங்கிவிட்டார். ஒன்பது நாள் கழித்துக் கிணற்றை அடைத்ததும் அதே சகோதரர்கள்தான். வரலாற்றில் அது ‘லூகாஸ் கிணறு’. லூகாஸ் அதைத் தோண்டக் காரணமாக இருந்த பொறியாளர்.

ஸ்பிண்டில்டாப்புக்குப் பிறகு சுழல் துளைப்பு பரவியது. இரண்டு பேர் இடத்தில் நாலைந்து பேர் கொண்ட குழு. சேறு, சங்கிலி, கனத்த இரும்புக் குழாய். சுழலும் சங்கிலி விரலைக் கொண்டுபோய்விடும். விரல் குறைந்த கையோடு திரிவது இந்தத் தொழிலின் அடையாளமாகவே ஆனது. சுமார் 9,000 பேர் இருந்த பியூமான்ட் சில மாதங்களில் 50,000 பேர் நெரியும் ஊராகியது. ஒரே கட்டிலை இரண்டு ஷிப்ட் ஆட்கள் மாற்றி மாற்றி வாடகைக்கு எடுத்துத் தூங்கினார்கள். எண்ணெய் பெருகி விலை ஒரு பீப்பாய் 3 சென்ட் வரை இறங்கியது. அதே சமயம் ஒரு குவளைக் குடிநீர் 5 சென்ட். கிணற்றிலிருந்து வந்த கந்தக வாயு தொழிலாளர்களின் கண்ணைச் சில நாட்களுக்குக் குருடாக்கியது. அளவு கூடினால் ஆளையே கொன்றது. அந்த வாயுவில் ஒரு கொடுமை உண்டு. அதிகமாக இருக்கும்போது முதலில் மரத்துப்போவது மூக்கு. நாற்றம் போய்விட்டது என்று நினைப்பவன்தான் சாகப்போகிறவன்.

*

சின்கிளேர் இந்த உலகத்துக்கு வந்தது மனை வழியாக. கலிபோர்னியாவின் சிக்னல் ஹில்லில் 1921-இல் எண்ணெய் பொங்கியபோது அங்கே அவருடைய மனைவிக்குச் சில மனைகள் இருந்தன. எண்ணெய்க் குத்தகை பற்றிப் பேச மனைக்காரர்கள் கூடிய கூட்டங்களுக்கு அவர் போனார். அண்டை வீட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் கடித்துக் குதறியதைப் பார்த்தார். ‘ஆயில்!’ நாவலின் ஆரம்பப் பகுதியில் வரும் அந்தக் கூட்டம் இன்றைக்குப் படித்தாலும் சிரிப்பு வரும். 1927-இல் நூல் வெளியானது. பாஸ்டனில் ஆபாசம் என்று தடை செய்தார்கள். சர்ச்சைக்குரிய பக்கங்களை அத்தி இலைப் படத்தால் மறைத்து ஒரு பதிப்பு போட்டு, அதைத் தெருவில் நின்று விற்றார் சின்கிளேர். நல்ல விளம்பரதாரர்.

நாவல் ஒரு கார்ப் பயணத்தில் தொடங்குகிறது. எண்ணெய் முதலாளி ராஸ் ஓட்டுகிறார். பக்கத்தில் மகன் பன்னி. நாவல் முழுக்க நாம் உட்கார்ந்திருப்பது அந்தப் பையனின் இருக்கையில்தான். துளைக்கும் வேலை விரிவாகவே வருகிறது, தப்பு சொல்ல முடியாது. ஆனால் அது அப்பா மகனுக்குச் சொல்லித்தரும் பாடமாக வருகிறது. எந்திரம், சேறு, குழாய் எல்லாம் பையனின் வியப்பு வழியாக. வேலை செய்பவர்கள் அந்த வியப்பின் ஓரத்தில் நிற்கிறார்கள். ஒருவன் கிணற்றுக்குள் விழுந்து சாகிறான். அதுவும் பன்னியின் மனசு உறுத்துவதற்கான ஒரு படிக்கட்டு.

இதற்கு ஈடாகச் சின்கிளேரிடம் ஒன்று இருக்கிறது. கூலிக் கணக்கு. பன்னிரண்டு மணி நேரத்துக்கும் எட்டு மணி நேரத்துக்கும் இடையில் ஒரு மனிதனின் வாழ்க்கையே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். வேலைநிறுத்தப் பகுதியில் நாவல் வேறு மாதிரி உறுதியாகிறது. ராஸ் நல்ல முதலாளி. தன் ஆட்களைப் பிடித்தவர். ஒத்துப்போகலாம் என்றுகூட நினைப்பார். ஆனால் முதலாளிகள் சங்கம் விடாது. தனியாக ஒருவர் இறங்கிப் போக முடியாது. நல்ல மனம் இருப்பதால் கூலி ஏறாது என்பதைச் சின்கிளேர் பிரசங்கம் இல்லாமல் காட்டிய இடம் இது. அவர் இதைக் கற்பனையிலிருந்து எடுக்கவில்லை. போர்க்காலத்தில், 1917-இல், அரசுத் தலையீட்டால் கலிபோர்னியா எண்ணெய்த் தொழிலாளர்களுக்கு எட்டு மணி நேர வேலை கிடைத்தது. போர் முடிந்த பிறகு 1921-இல் கெர்ன் கவுண்டியில் ஆயிரக்கணக்கானோர் செய்த வேலைநிறுத்தம் தோற்றது. நாவலுக்குச் சில ஆண்டுகள் முன்புதான்.

ஆனால் தொழிலாளர் தரப்பில் சின்கிளேர் உயிர் கொடுத்த ஒரே மனிதன் பால் வாட்கின்ஸ். பால் தச்சு வேலை செய்பவன். ஆட்டுப்பண்ணைக் குடும்பத்தில் பிறந்து, சிந்தித்து, சங்கம் கட்டி, கடைசியில் அடிபட்டுச் சாகிறான். தச்சன், தியாகம், மரணம்: எந்தக் கதையின் வார்ப்பு இது என்று சொல்லத் தேவையில்லை. பாலிடம் எல்லா நல்ல குணமும் உண்டு. ஒரு மட்டமான நகைச்சுவை கிடையாது, ஒரு கெட்ட வார்த்தை கிடையாது, தன் கைத்திறமை பற்றி ஒரு வீம்பு கிடையாது. நாலு நாள் எண்ணெய்வயலில் நின்ற ஆள் இப்படி இருப்பானா? எனக்கு நம்பிக்கை வரவில்லை.

*

ஆண்டர்சன் அந்த நாவலின் முதற்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டார். பன்னி போய்விட்டான். பால் ஒரே காட்சியில் வந்து தகவலை விற்றுவிட்டுப் போகிறான். வேலைநிறுத்தம் முழுசாகப் போய்விட்டது. அந்த இடத்தில் மதபோதகன் ஈலை வந்து நிற்கிறான். எண்ணெய் முதலாளிக்கு எதிரே நாவல் வைத்தது சங்கத்தை. படம் வைத்தது தேவாலயத்தை. விமர்சகர்கள் பெரும்பாலும் முதலாளியமும் மதமும் மோதும் படம் என்று எழுதினார்கள். அது சரிதான். மோதாமல் விடப்பட்டது எது என்று கேட்டால்தான் தொழிலாளி ஞாபகத்துக்கு வருவான்.

ஆனால் சின்கிளேரால் முடியாத ஒன்றை ஆண்டர்சன் செய்கிறார். வேலையின் கனம். கயிறு இழுபடும் சத்தம், மரம் முனகுவது, எண்ணெய் அப்பிய முகத்தில் கண் மட்டும் தெரிவது, மேலே தொங்கும் இரும்பின் கீழே ஒரு மனிதத் தலை. முதல் கால் மணி நேரத்தில் பேச்சே இல்லாதது வெறும் உத்தி இல்லை. இந்த வேலையில் பேச இடம் கிடையாது. காது எந்திரத்தில் இருக்க வேண்டும், கண் மேலே இருக்க வேண்டும். அந்த அளவில் எனக்குத் தெரிந்து உடல் உழைப்பை இவ்வளவு மரியாதையோடு காட்டிய அமெரிக்கப் படங்கள் குறைவு.

ஆக, சின்கிளேருக்குக் கூலி தெரியும், கை தெரியாது. ஆண்டர்சனுக்குக் கை தெரியும், கூலி தெரியாது. இரண்டையும் சேர்த்து வைத்திருப்பவன் அந்தத் தொழிலாளி மட்டும்தானே? அவனையே கேட்டுவிட்டால் ஆச்சு என்று நினைத்தேன்.

*

கேட்டவர்கள் இருக்கிறார்கள். 1952-இலிருந்து சில ஆண்டுகள் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்காக வில்லியம் ஓவன்ஸ் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு பழைய எண்ணெய்வயல் ஆட்களைத் தேடிப்போனார். இருநூறுக்கும் மேற்பட்ட நேர்காணல்கள். ஸ்பிண்டில்டாப்பைத் துளைத்த ஹாமில் சகோதரர்களும் பேசியிருக்கிறார்கள். அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து நாட்டாரியல் அறிஞர் மோடி போட்ரைட்டும் ஓவன்ஸும் சேர்ந்து 1970-இல் ஒரு நூல் கொண்டுவந்தார்கள். ‘டேல்ஸ் ஃப்ரம் த டெரிக் ஃப்ளோர்’. போட்ரைட் அதற்கு முன்பே, 1945-இல், கிப் மார்கன் பற்றி ஒரு நூல் எழுதியிருந்தார். மார்கன் நிஜ மனிதர். 1842-இல் பென்சில்வேனியாவில் பிறந்து, உள்நாட்டுப் போரில் சண்டையிட்டு, திரும்பிவந்து எண்ணெய்க் கிணறுகளில் வேலை பார்த்தவர். பெரும் புளுகர். அவர் அளந்த கதைகளும் அவர் பெயரில் மற்றவர்கள் அளந்த கதைகளும் ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்குத் தொழிலாளர்களோடு போயின.

இந்த நூல்களைத் திறந்தபோது நான் எதிர்பார்த்தது புகார். கிடைத்தது சிரிப்பு.

நைட்ரோகிளிசரின் கதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். கிணற்றின் அடியில் பாறையை வெடித்து எண்ணெய் வரவைக்க ஒரு முறை இருந்தது. தகரக் குழலில் நைட்ரோகிளிசரினை ஊற்றிக் கிணற்றுக்குள் இறக்கி, மேலிருந்து ஓர் இரும்புக் குண்டைப் போடுவார்கள். குண்டுக்குப் பெயர் ‘கோ-டெவில்’. இந்த முறைக்கு ராபர்ட்ஸ் என்பவர் 1860-களில் காப்புரிமை வாங்கி அதிக விலை வைத்தார். அதைக் கொடுக்காமல் ராத்திரியில் திருட்டுத்தனமாக வெடிவைத்தவர்களுக்கு ‘மூன்லைட்டர்’ என்று பெயர் வந்தது. வெடிமருந்தைக் குதிரை வண்டியில் குண்டும் குழியுமான பாதையில் ஏற்றிப் போவார்கள். வண்டி குலுங்கினால் அவ்வளவுதான். வண்டியும் இருக்காது, குதிரையும் இருக்காது, ஆளும் இருக்க மாட்டான். இதைப் பற்றி அவர்கள் சொல்வதெல்லாம் வேடிக்கைக் கதை. புதைக்க எதுவும் மிஞ்சவில்லை என்பதுதான் நகைச்சுவையின் உச்சம்.

முதலில் இது எனக்குப் பிடித்தது. பால் வாட்கின்ஸிடம் நான் தேடிக் கிடைக்காதது இங்கே கொட்டிக் கிடந்தது. திறமை பற்றிய கர்வம், வெளியாளைப் பார்த்து ஒரு இளப்பம், சாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பேசும் தைரியம். கயிற்றில் கைவைத்தே பாறையைச் சொன்ன மனிதன் தன்னைக் கூலிக்காரனாக நினைக்கவில்லை. தன்னை ஒரு கலைஞனாக நினைத்தான். இந்தப் பெருமையை யாரும் அவனுக்குக் கொடுக்கவில்லை. அவனே உண்டாக்கிக்கொண்டது. அதை மதிக்காமல் இருக்க முடியாது.

பிறகுதான் உறுத்த ஆரம்பித்தது.

*

1842-இல் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஃபார்வெல் என்ற ரயில் எஞ்சின் ஓட்டுநர், சக ஊழியர் தண்டவாளத்தைத் தப்பாக மாற்றிவிட்டதால் நடந்த விபத்தில் வலது கையை இழந்தார். நஷ்டஈடு கேட்டார். தலைமை நீதிபதி லெமுவேல் ஷா கொடுக்கவில்லை. ஆபத்தான வேலை என்று தெரிந்துதான் ஒருவன் சேருகிறான். அந்த ஆபத்துக்கும் சேர்த்துத்தான் அவனுக்குக் கூலி. ஃபார்வெலுக்கு நாளுக்கு 2 டாலர் கிடைத்துவந்தது. அதற்குள்ளேயே அந்தக் கையின் விலையும் அடங்கிவிட்டதாம். இந்த வாதம் அடுத்த எழுபது ஆண்டுகள் அமெரிக்கா முழுக்கத் தொழிலாளர்களைத் துரத்தியது. ஆபத்து தெரிந்தே ஏற்றுக்கொண்டாய். தப்பு செய்தது உன் கூட்டாளி. இல்லாவிட்டால் நீயே கவனக்குறைவாக இருந்தாய். முதலாளியின் வக்கீலுக்கு இந்த மூன்றில் ஒன்று போதும்.

எண்ணெய்வயல்கள் வளர்ந்தது முழுக்க இந்தச் சட்டத்தின் நிழலில்தான். டெக்சாஸில் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் 1913-இல் வந்தது, ஓக்லஹோமாவில் 1915-இல். ஸ்பிண்டில்டாப்புக்கு இவை பன்னிரண்டு, பதினாலு வருடம் தாமதம். டெக்சாஸில் தனியார் நிறுவனங்களுக்கு அந்தக் காப்பீடு இன்றும் கட்டாயமில்லை.

இப்போது அந்த ஒலிப்பதிவுகளின் தொனியை நினைத்துப் பாருங்கள். ஆபத்து எங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் ஏறினோம். கோழைக்கு இங்கே இடமில்லை. தொழிலாளி மார்தட்டிச் சொல்லும் இதே வாக்கியத்தைத்தான் நீதிமன்றத்தில் கம்பெனி வக்கீலும் சொன்னார். வார்த்தைகூட மாறவில்லை. ஒருவனுக்கு அது மானம். இன்னொருவருக்கு அது வாதம். மானமாகச் சொன்னவனின் மனைவிக்கு, அவன் விழுந்த பிறகு, அதே வாக்கியத்தைக் காட்டி ஒன்றும் கிடையாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

இதற்காக அந்தத் தொழிலாளியை நான் குறை சொல்ல முடியுமா? பயத்தை ஒப்புக்கொண்டால் மறுநாள் டெரிக் மேல் ஏற முடியாது. எண்பது அடி உயரத்தில் பலகையில் நிற்பவனுக்கு அந்தக் கர்வம் ஒரு கைப்பிடி. அதைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான். எந்த நேரத்திலும் விட முடியாத பிடி அது. சங்கம் கட்டும்போது அதே பிடி தடையாக வந்தது. நல்ல துளைப்பவன் எங்கே போனாலும் வேலை கிடைக்கும் என்று நம்பினான். பிடிக்காவிட்டால் அடுத்த வயலுக்கு மூட்டை கட்டினான். இப்படி நகர்ந்துகொண்டே இருப்பவர்களைச் சேர்த்து நிறுத்துவது கஷ்டம்.

ஆனாலும் சேர்ந்தார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் நானும் ஆண்டர்சன் செய்ததையே செய்தவன் ஆவேன். 1917 நவம்பர் 1 அன்று டெக்சாஸ், லூசியானா இரண்டிலுமாகப் பதினேழு வயல்களில் சுமார் பத்தாயிரம் பேர் வேலையை நிறுத்தினார்கள். எட்டு மணி நேர வேலை, நாளுக்குக் குறைந்தது 4 டாலர் கூலி. கம்பெனிகள் சங்கத்தோடு உட்கார்ந்து பேசவே மறுத்தன. படை வந்தது. வேலைநிறுத்தம் தோற்றது. அதே மாதம் ஓக்லஹோமாவின் டல்சாவில், எண்ணெய்த் தொழிலாளர்களைச் சேர்த்துக்கொண்டிருந்த ஐடபிள்யூடபிள்யூ சங்கத்துக்கும் வழக்குக்கும் சம்பந்தப்பட்ட பதினேழு பேரை முகமூடிக் கும்பல் ஒன்று போலீஸ் கையிலிருந்து எடுத்துப்போய்ச் சாட்டையால் அடித்து, உடம்பில் தார் ஊற்றி, இறகு ஒட்டி விரட்டியது. சின்கிளேரின் பால் அடிபட்டுச் சாகும் முடிவை மிகை என்று நான் முன்பு நினைத்திருந்தேன். டல்சாவைப் படித்த பிறகு அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டேன். பாத்திரம் மிகையாக இருக்கலாம். அடி மிகையில்லை.

*

ஒலிப்பதிவுகளில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. 1952-இல் உட்கார்ந்து பேசியவர்கள் யார்? பிழைத்தவர்கள். வாயுவில் விழுந்தவனும் நைட்ரோவோடு போனவனும் ஒலிப்பதிவுக் கருவி முன்னால் வர முடியாது. அரை நூற்றாண்டு தாண்டி உயிரோடு இருக்கும் கிழவருக்கு அந்தக் காலம் தன் இளமையாகவும் இருக்கிறது. எந்த வயதான மனிதரிடம் கேட்டாலும் இளமை கொஞ்சம் சிரிப்போடுதான் வெளியே வரும்.

பிறகு, நிறம். டெக்சாஸ் வயல்களில் டெரிக்கில் ஏறும் வேலை வெள்ளையருக்கு என்று வகுத்து வைத்திருந்தார்கள். கறுப்பினத் தொழிலாளர்கள் மண் அணைகட்டி எண்ணெய்க் குளம் வெட்டினார்கள், கோவேறு கழுதை வண்டி ஓட்டினார்கள். பல வயல்களில் அதற்குக்கூட விடாமல் துரத்தினார்கள். துரத்தியது முதலாளி மட்டுமில்லை, கூட வேலை செய்த வெள்ளைத் தொழிலாளியும்தான். ஆக அந்தக் கர்வக் கதைகளில் ‘நாங்க’ என்று வரும் சொல்லுக்கு ஒரு வேலி இருந்தது. எட்டு மணி நேரம் கேட்டு நின்ற வரிசையிலும் அந்த வேலி இருந்தது. சின்கிளேரும் ஆண்டர்சனும் இதைத் தொடவில்லை. சிரிப்புக் கதைகளை மட்டும் படிக்கிறவரும் இதைக் கவனிக்காமல் தாண்டிவிடலாம். குளம் வெட்டியவன் எந்தப் புளுகுக் கதையிலும் நாயகனாக வருவதில்லை.

இவ்வளவும் சொன்னபிறகு அந்தச் சிரிப்பை ஒதுக்கிவிடத் தோன்றும். எனக்கும் சில நாள் அப்படித் தோன்றியது. கிப் மார்கனின் ஒரு கதைதான் என்னைத் திரும்பக் கூப்பிட்டது.

மார்கன் உலகத்திலேயே பெரிய டெரிக்கைக் கட்டினாராம். நிலா கடந்துபோக வழிவிடுவதற்காக அதற்குக் கீல் வைத்து மடக்கும்படி செய்திருந்தாராம். உச்சியிலுள்ள கப்பிக்கு மசகு போட ஒரு டூலி ஏறிப்போகப் பதினாலு நாள், இறங்கப் பதினாலு நாள். அதனால் முப்பது டூலிகள். பதினாலு பேர் ஏறிக்கொண்டே இருப்பார்கள், பதினாலு பேர் இறங்கிக்கொண்டே இருப்பார்கள், உச்சியில் ஒருவர், தரையில் ஒருவர். முதல்முறை படித்தபோது நிலாவுக்குச் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். அடுத்த விவரத்தைச் சரியாகக் கவனிக்கவில்லை. ஒவ்வொரு நாள் ஏற்றத்துக்கும் இடையில் ஆட்கள் தூங்க டெரிக்கிலேயே அறை கட்டியிருந்ததாம். அறையில் குளிக்க வெந்நீரும் தண்ணீரும் வருமாம்.

இந்தக் கதையைக் கேட்டுச் சிரித்தவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். பன்னிரண்டு மணி நேரம் சேற்றிலும் எண்ணெயிலும் நின்றுவிட்டு, இன்னொருவன் எழுந்துபோன சூடு ஆறாத கட்டிலில் படுப்பவர்கள். ஒரு குவளைத் தண்ணீருக்கு அஞ்சு சென்ட் கொடுத்தவர்கள். ஒருத்தன் தலையில் விழும் வேலைக்கு முப்பது பேரை வைக்கும் கம்பெனி, கூலியாளுக்குப் படுக்கவும் குளிக்கவும் இடம் கட்டும் கம்பெனி: அவர்களுக்கு நிலாவுக்கு வழிவிடும் டெரிக்கைவிட இதுதான் நம்ப முடியாத புளுகாக இருந்திருக்கும். சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் போட்டால் கம்பெனி படித்துக்கூடப் பார்க்காது. கதையில் போட்டால் வயலுக்கு வயல் போகும். போனது.

அவர்கள் கூலியைப் பற்றிப் பேசவேயில்லை என்று நான் நினைத்தது தப்பு. பேசியிருக்கிறார்கள். வெளியாள் கேட்டால் புளுகாகத் தெரியும்படியும், கூட நிற்பவனுக்கு மட்டும் புரியும்படியும் பேசியிருக்கிறார்கள்.

அதன்பிறகு ஆண்டர்சனின் அந்த முதல் கால் மணி நேரத்தை மட்டும் இன்னொருமுறை போட்டுப் பார்த்தேன். குழிக்குள் நின்றவன் மேலே இருந்து அது விழுவதற்கு முன்னால் கூட நிற்பவனிடம் ஏதாவது சொல்லியிருப்பான் என்றே இப்போது எனக்குத் தோன்றுகிறது. அனேகமாக ஒரு மட்டமான ஜோக். படத்தில் அது கேட்பதில்லை.